மேல்வீட்டுத் தண்ணீர்

மரகதம் முதலில் வாளியைத்தான் வைத்தாள். அது நிரம்பி வழிந்ததும் அண்டாவை இழுத்து வந்தாள். அண்டாவும் காணாது என்று தெரிந்தபிறகு இட்லி மாவு கரைக்கிற குண்டான், பித்தளைப் போகணி, நாளைக்குக் கேசரி கிளறுவதற்காகப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த உருளி என்று அடுப்படியே கிளம்பிக் கூடத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஒவ்வொரு மாதிரி பேசியது. உருளியில் விழுந்தது மட்டும் யாரோ சப்புக்கொட்டுகிற மாதிரி இருந்தது, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. எட்டரை மணிக்கு ஒரு சொட்டு. எட்டே முக்காலுக்கு நூல் பிடித்தாற்போல் ஓர் ஒழுக்கு. ஒன்பதுக்கு மூலை முழுக்கத் தண்ணீர். மேல்வீட்டுக் குளியலறையின் குழாய் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிற மூலை அது. நேற்று சாயங்காலம் வரைக்கும் பெயிண்டர் அந்த மூலையில்தான் ஏணி போட்டு நின்றான். சந்தன நிறம், ரவிக்கை வாங்கத் தையற்கடைக்குப் போயிருக்கிற மகள் சுகன்யா ஆசைப்பட்டுக் கேட்டது. இப்போது அந்தச் சந்தனத்தில் பழுப்பாக ஒரு கறை இறங்கி, கிளை விட்டு, சாமி மாடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நாளைக் காலை ஒன்பதரைக்குள் கரூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இதே கூடத்தில் உட்கார்ந்து தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். முப்பத்தோரு வயதுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். எத்தனை ஜாதகம், எத்தனை பஜ்ஜி சொஜ்ஜி, எத்தனை 'ஊருக்குப் போய்ச் சொல்றோம்' தாண்டி வந்து நிற்கிற நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்க்கிறவள். போன தடவை வந்திருந்தபோது காபி டம்ளர் கைதவறிக் கவிழ்ந்ததற்கே அந்தம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுவரே அழுதுகொண்டிருக்கிற வீட்டில் அவள் எப்படிப் பெண் எடுப்பாள்.

மரகதம் குந்தி உட்கார்ந்து பழைய வேட்டியைத் தண்ணீர்மேல் விரித்தாள். ஊறியதும் இரண்டு கையாலும் சுருட்டி எடுத்து வாளியில் பிழிந்தாள். விரி, ஊறவிடு, சுருட்டு, பிழி. இடுப்பு இப்போதே கெஞ்சியது. ஐம்பத்தெட்டு வயதில் வேறென்ன செய்யும். வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று நினைத்தாள். அவர் என்றால் மேலே இருக்கிற மச்சாண்டார், அவள் புருஷன் தெட்சிணாமூர்த்தியின் ஒரே அண்ணன் வைத்தியலிங்கம். வீட்டைப் பங்கு போட்டபோது மாடி மூத்தவருக்கு, கீழ்த்தளம் இளையவருக்கு என்று ஆயிற்று. அப்போது மாடியில் குளியலறை கிடையாது. மனுஷர் ஊரில் வேறு இடமே இல்லாத மாதிரி இவள் கூடத்து மூலைக்கு நேர் மேலே கொண்டுவந்து கட்டினார். கொத்தனார் குழாயை இறக்கிவிட்டு, அதைச் சுற்றியிருந்த ஓட்டையைப் பூசாமல் போய்விட்டான். பதினோரு வருஷமாக அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. பதினோரு வருஷமாகப் பேச்சும் இல்லை. ஆனால் விடியற்காலை அவர் வாய் கொப்பளிப்பதும், தொண்டையைச் செருமுவதும், தலையில் முதல் சொம்பு ஊற்றும்போது 'சிவசிவா' என்பதும் அட்சரம் பிசகாமல் கீழே வந்துவிடும். முகத்தையே பார்க்காத ஒரு மனுஷனுக்கு எந்த நாள் வயிறு சரியில்லை என்பதுகூடத் தெரிந்திருப்பது என்ன பிழைப்பு. நாலு வருஷமாகச் சொட்டுகிறது, நாளுக்கு இரண்டு சொட்டு, மூன்று சொட்டு. தெரிந்தவர் ஒருவரை விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். "கீழ இருக்கிறவங்களுக்குத்தான் ஒழுகும். மேல இருக்கிறவனுக்கு எப்படி ஒழுகும்?" என்று பதில் சொல்லி அனுப்பியவர் அவர். அப்படிப்பட்ட வாய். நேற்று பந்தல்காரன் வந்து வாசலை அளந்துவிட்டுப் போனதை மாடியிலிருந்து பார்த்திருப்பார். வயிறு எரிந்திருக்கும். காலையில் எழுந்து குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் போகிற வாயை அடைத்திருப்பார். ஆமாம், அடைத்திருக்க வேண்டும். அங்கே குளம் கட்டினால் ஒழிய இங்கே இவ்வளவு இறங்காது. எதை வைத்து அடைத்திருப்பார் என்று யோசித்தவள் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டுத் துணியை இன்னொரு முறை முறுக்கிப் பிழிந்தாள்.

வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டுத் திரும்பும்போதுதான் பையைப் பார்த்தாள். மாடிப்படி பக்கவாட்டில் வெளியே இருக்கிறது. அதன் அடியில் ஒரு கம்பிக் கதவு, கதவில் ஒரு கொக்கி. மெஸ் நடத்துகிற பாக்கியம் ஏழரைக்கு வந்து அந்தக் கொக்கியில் டிபன் பையை மாட்டிவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குத்தான் மறுபடி வருவாள். மச்சாண்டாரின் பெண்டாட்டி ஜெகதா போய்ச் சேர்ந்த மூன்று வருஷமாக அதுதான் ஏற்பாடு. ஏழே முக்காலுக்கு வைத்தியலிங்கம் இறங்கி வந்து எடுத்துப் போய்விடுவார். அதில் மட்டும் அந்த மனுஷர் தவறியதே இல்லை. இப்போது மணி ஒன்பதேகால். பை மாட்டியபடி இருக்கிறது. ஒரு காக்கை மதில்மேல் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மரகதமும் பார்த்தாள். பிறகு பார்க்காதவள் மாதிரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். பசி இல்லாமல் இருக்கும். ராத்திரி எதையாவது தின்று வைத்திருப்பார். வயசானால் ஒரு வேளை தள்ளிச் சாப்பிடுவதுண்டு. எழுபத்திரண்டு என்ன பெரிய வயசா. எழுபத்திரண்டு கொஞ்ச வயசும் இல்லை. விரி, ஊறவிடு.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொக். கொஞ்ச நேரம் கழித்து டொக், டொக். உலோகம் கல்லில் படுகிற சத்தம், குழாயைச் சுற்றிய ஓட்டை வழியாக, பக்கத்து அறையில் தட்டுகிற மாதிரி தெளிவாக. மரகதத்தின் கை அந்தரத்தில் நின்றது. தேங்காய் உடைக்கிறார் என்று நினைத்தாள். குளியலறையிலா. குழாயைப் பழுது பார்க்கிறார். ஆமாம், அதுதான், குழாய் உடைந்திருக்கும், சுத்தியலால் தட்டிச் சரிபண்ணுகிறார். சுத்தியலால் தட்டுகிறவன் இப்படியா தட்டுவான், ஒன்று தட்டிவிட்டு ஒரு நிமிஷம் இளைப்பாறி. காற்று அடைத்துக்கொண்டால் குழாயே தட்டும், அவள் பிறந்த வீட்டில் தட்டியிருக்கிறது, அப்பா எழுந்துபோய்க் குழாய்க்கு ஓர் அடி கொடுப்பார். டொக். டொக், டொக். இந்த வீட்டுக் குழாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று சொல்வார்கள், ஆனால் அவள் தலைக்குமேல் இருந்த வெள்ளத்துக்குக் கணக்கு இருந்தது. மொட்டைமாடித் தொட்டி ஆயிரம் லிட்டர், ஏழு மணிக்கு மோட்டார் போட்டு நிரப்பியது, தொட்டி காலியானால் தண்ணீர் தானாக நிற்கும். இல்லாவிட்டால் மொட்டைமாடிக்குப் போய் வால்வை மூடலாம். மொட்டைமாடிக்குப் போக அவர் வாசலைத் தாண்டித்தான் ஏறவேண்டும். அந்தப் படியில் கால் வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவள் அவள். சத்தியம் என்றால் வாய்ச் சத்தியம் இல்லை, சூடம் அணைத்த சத்தியம்.

இந்தக் கூடத்தில்தான், இதே மூலைக்கு எதிர் மூலையில், மாமியாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கு. சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது ஜெகதா எழுந்து நின்று கேட்டாள், அத்தையோட ஏழுகல் வைரத் தோடு எங்கே என்று. எல்லார் கண்ணும் மரகதத்தின் பக்கம் திரும்பியது. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கூட இருந்தவள் அவள்தானே. கிழவி ஆஸ்பத்திரியில் வைத்து, காதிலிருந்து தானே கழற்றி, பஞ்சில் சுற்றி அவள் கையில் வைத்து, "பெரியவகிட்டச் சொல்லாத. சுகன்யாவுக்குப் போடு" என்று சொன்னது நிஜம். அதை அங்கேயே சொல்லியிருந்தால் தீர்ந்தது. சொல்லியிருந்தால் பாதியாவது பங்கு கேட்டிருப்பார்கள், ஒரு காது தோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது. தட்டில் சூடத்தை ஏற்றச் சொன்னாள். "என்கிட்ட இல்ல. இருந்தா என் கை வெந்து போகட்டும். இனிமே இவங்க படி ஏறினா என்னை ஏன்னு கேளுங்க" என்று எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அறைந்து அணைத்தாள். கை வெந்துதான் போயிற்று, சூடத்தை அணைத்தால் வேகாமல் என்ன செய்யும். தோடு பெருங்காய டப்பாவுக்குள் இருந்தது. எடுத்தாயா என்று கேட்டிருந்தால் எடுக்கவில்லை என்பது சத்தியம்தான். என்கிட்ட இல்லை என்றது மட்டும்தான். அந்த ஒரு வார்த்தையைப் பதினோரு வருஷமாகத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தும் அது நேராகவில்லை. சுகன்யாவுக்கு ஒவ்வொரு வரன் தட்டிப்போகும்போதும் அவளுக்கு உள்ளங்கை அரிக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று இருந்தவளுக்கு, பெருங்காய டப்பாவில் ஒரு தோட்டை மறைப்பது இவ்வளவு பாடா என்று ஆகிவிட்டது. நாளைக்கு அந்தத் தோட்டைத்தான் சுகன்யா போட்டுக்கொள்ளப் போகிறாள். யார் கேட்கப் போகிறார்கள். கேட்டவள் போட்டோவாகிவிட்டாள். வாய் திறக்காத புருஷனை விட்டால், அதைப் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியது இன்னும் ஒரே ஒரு ஆள். அவரும் இல்லையென்றால். மரகதம் சட்டென்று எழுந்து நின்றாள், முழங்கால் நெட்டி முறிந்தது. சீ, என்ன நினைப்பு இது என்று தலையை உதறினாள். டொக்.

போன் அடித்தது. தெட்சிணாமூர்த்தி காந்தி மார்க்கெட்டிலிருந்து பேசினார், பின்னால் ஒரே இரைச்சல். "மல்லி ஆனை விலை விக்கிறான். கனகாம்பரம் கலந்து வாங்கிக்கவா?" என்று கேட்டார். "வாங்குங்க. இங்க மேலேருந்து ஒரே தண்ணி. மூல முழுக்கப் பாழாப் போச்சு" என்றாள் அவள். "யாரு, அண்ணனா?" "வேற யாரு இருக்கா மேல?" பெண்டாட்டி சூடம் அணைத்ததற்காக அண்ணனோடு பேச்சை விட்டவர் தெட்சிணாமூர்த்தி. பதினோரு வருஷமாகத் தெருவில் அண்ணன் எதிரே வந்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார், ஆனால் தூக்கத்தில் இரண்டு தடவை அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறார், அவள் கேட்டிருக்கிறாள். "நான் வேணா ஆட்டோ பிடிச்சு வந்துடட்டுமா?" என்றார். பையைப் பற்றி இப்போது சொல்லலாம். தட்டுகிற சத்தத்தைச் சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது. "நீங்க வந்து என்ன பண்ணப்போறீங்க. வாழை இலை சொல்லியாச்சா, வெத்திலை கும்பகோணம் வெத்திலையாப் பாத்து வாங்குங்க" என்றாள். "வேற ஒண்ணும் இல்லியே?" "வேற என்ன." போனை வைத்துவிட்டு மறுபடி வேட்டியை எடுத்தாள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். ஆனால் தீட்டு விஷயத்தில் உலகம் இருண்டுதான் போகிறது, அதை மரகதத்துக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்தக் குடும்பம்தான். அவள் கழுத்தில் தாலி ஏறிய அன்று விடியற்காலை மணச்சநல்லூரில் ஒரு பங்காளி செத்துப் போனார். தந்தி வந்தது. மாமியார் அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம் காட்டாமல் முகூர்த்தத்தை நடத்தி முடித்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகுதான் எடுத்து வெளியே போட்டாள். "காதுல விழுந்தாத்தான் தீட்டு. விழாதவரைக்கும் ஒண்ணுமில்ல" என்றாள். ஐயரும் தலையை ஆட்டினார். பங்காளித் தீட்டு பதினாறு நாள், ஆனால் எண்ணத் தொடங்குவது கேட்ட நேரத்திலிருந்து. சாவு எப்போது நடந்தது என்பது செத்தவர் பாடு. தெரியாமல் இருக்கிறவளைத் தீட்டு தொடாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தெரியாமல் இருக்க முடியவில்லை. லால்குடி வரன் பெண் பார்க்க வருவதாக இருந்த நாளுக்கு முதல் நாள் ஜெகதா கண்ணை மூடினாள், மேலே அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. மரகதம் படி ஏறவில்லை. உடம்பைக் கீழே இறக்கும்போது கம்பிக் கதவோரமாக நின்று ஒரு கும்பிடு போட்டாள். லால்குடிக்காரர்கள் பதினாறு நாள் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள், ராசி சரியில்லை என்று. போகும்போது அந்தப் புண்ணியவதி பெண்ணின் கல்யாணத்தையும் சுருட்டிக்கொண்டு போனாள் என்று மரகதம் அன்றைக்கு நினைத்தது, இன்றைக்கும் மாற்றி நினைக்கவில்லை. நாளைக்குக் கார்த்திகை இருபத்திரண்டு. இன்றைக்கு ஒன்று காதில் விழுந்தால் பதினாறு நாள், மார்கழி பிறந்து ஒரு வாரம் ஓடியிருக்கும். மார்கழியில் நல்லது செய்யமாட்டார்கள். மாப்பிள்ளை மார்கழி முதல் வாரமே மஸ்கட்டுக்குப் போகிறான். நிச்சயம் பண்ணிவிட்டுத்தான் அனுப்புவோம், இங்கே தள்ளிப்போனால் வேறு ஜாதகம் கையில் இருக்கிறது என்று தரகர் சொல்லியே விட்டார். தட்டு மாறிவிட்டால் பரவாயில்லை. தட்டு மாறியபிறகு யார் போனாலும் அது அவர்கள் சம்பந்தி வீட்டுச் சாவு, அவர்களே மாலையோடு வந்து நிற்பார்கள். ஒரு நாள். இருபத்தி நாலு மணி நேரம்கூட வேண்டாம். டொக், டொக். தட்டுகிறவர் சாகவில்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தட்டுகிறவரைத் தூக்கினால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் ராத்திரிக்குள் என்ன ஆகுமோ. அப்போது அது காதில் விழுந்தே தீரும். மேலேயே கிடந்தால் பாக்கியம் பார்ப்பாள். பாக்கியமும் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தானே போவாள். அவர் பகலில் கதவைத் தாழ் போடுவதில்லை, செத்துக் கிடந்தால் கதவை உடைக்க வேண்டியிருக்கும் என்று யாரிடமோ சொன்னாராம், அதுவும் சுற்றி வந்து இவள் காதில் விழுந்திருக்கிறது. விழவேண்டாததெல்லாம் விழுகிற காது.

விரி, ஊறவிடு, சுருட்டு, பிழி. தண்ணீர் வேட்டியின் ஓரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, வாசல் பக்கம் தள்ளினால் சாமி மாடத்தின் பக்கம் வந்தது. துடைப்பத்தை எடுத்து ஓங்கித் தள்ளினாள். தண்ணீரை மேலிருந்து கீழே இழுக்காதே, ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவா. அது யார் சொன்னது. அவர்தான் சொன்னார். கோரையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்து இந்தக் கூடத்தில் இடுப்பளவு நின்றதே அந்த வருஷம், அப்போது பங்கு பிரிக்கவில்லை, எல்லாரும் ஒரே உலை. தண்ணீர் வடிந்தபிறகு முழங்கால் சேறு. தெட்சிணாமூர்த்திக்குக் காய்ச்சல். ஜெகதா மூக்கைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். வைத்தியலிங்கம் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஒரு துடைப்பத்தை அவள் கையில் கொடுத்து, ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டார். "காயவிட்டுறாத மரகதம். சேறு காஞ்சா கல்லாயிடும். ஈரத்தோடயே தள்ளு" என்றார். மூன்று நாள் இரண்டு பேரும் தள்ளினார்கள். பீரோவின் அடியிலிருந்து சுகன்யாவின் பள்ளிக்கூட ரிப்பன் ஒன்று வந்தது, அவர் அதை அலசி ஜன்னல் கம்பியில் காயப்போட்டார். அந்த மனுஷருக்கும் கீழே இருக்கிறவர்களுக்குத்தான் ஒழுகும் என்று சொன்னவருக்கும் முகம் ஒன்றுதான். எதற்கு இப்போது அந்த ரிப்பன் ஞாபகம் வரவேண்டும். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மேலே தட்டுகிறவர்மேல், மூத்த மருமகளிடம் சொல்லாமல் தோட்டைக் கையில் திணித்துவிட்டுச் செத்த கிழவியின்மேல், மல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் போன் பண்ணுகிற புருஷன்மேல், முப்பத்தோரு வயதுவரை ஒருத்தனையும் காதலித்துத் தொலைக்காத சுகன்யாவின்மேல்கூட. குழாய்க்கு நேர் கீழே போய் நின்று, அண்ணாந்து, அந்த ஓட்டையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "போறதுன்னா நாளைக்கு அப்புறம் போகட்டும். தட்டு மாத்தினப்புறம் எங்க வேணாலும் போகட்டும். அதுவரைக்கும் எவனும் என் கழுத்தை அறுக்க வேண்டாம்." சொன்னபிறகு வாயில் சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது. துப்பினாள்.

அதற்கப்புறம் ஒழுக்கு மெலிந்தது. மறுபடி நூலாயிற்று, நூல் அறுந்து சொட்டாயிற்று. தொட்டி காலி. அவள் கணக்குப் போட்டபடியே நடந்தது, ஆனால் கணக்கு சரியாக வந்த நிம்மதி வரவில்லை. உருளி சப்புக்கொட்டுவதை நிறுத்திற்று. அண்டா நிறுத்திற்று. கூடம் இத்தனை அமைதியாக இருந்து எத்தனையோ நாளாகிறது. மரகதம் வேட்டியைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டாள். தட்டும் சத்தமும் இல்லை. எப்போது நின்றது என்று நினைத்துப் பார்த்தாள். அவள் அண்ணாந்து பேசியதற்கு அப்புறம் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. நிற்கட்டும் என்றுதானே ஒரு மணி நேரமாக வேண்டிக்கொண்டிருந்தாள். நின்றுவிட்டது. எண்ணினாள். ஐம்பது வரைக்கும் எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. தட்டுங்களேன் என்று நினைத்தாள். ஒரே ஒரு தடவை தட்டிவிட்டால் போதும், தட்டுகிறவரை அப்படியே விட்டுவிட்டு மூலையைத் துடைத்து, பெயிண்டரை வரச்சொல்லி, கறையின்மேல் ஒரு கோட் அடிக்கச் சொல்லிவிட முடியும் என்று தோன்றியது. தட்டாதவரை விட முடியவில்லை. இது என்ன நியாயம் என்று அவளுக்கே தெரியவில்லை. தட்டிக்கொண்டிருந்த வரைக்கும் பயம் அவளுடையதாக இருந்தது, நின்றவுடன் அது வேறு யாருடையதோ ஆகிவிட்டது. கால் தானாக வாசலுக்குப் போயிற்று. கம்பிக் கதவைத் திறந்தது. கை, பழக்கம் இருப்பது போல, கொக்கியிலிருந்த டிபன் பையை எடுத்துக்கொண்டது. பதினேழு படி. கடைசியாக ஏறியபோது பாதியில் நிற்காமல் ஏறினாள். இப்போது எட்டாவது படியில் நின்றாள். சத்தியம் பண்ணிய கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இங்கிருந்து திரும்பினாலும் திரும்பலாம், யாரும் பார்க்கவில்லை, மதில்மேல் அந்தக் காக்கை மட்டும். பிள்ளையாரப்பா, உயிர் இருக்கட்டும் என்றாள். யாருக்காக வேண்டிக்கொண்டாள் என்று பிள்ளையார் கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது.

கதவு தள்ளியதும் திறந்தது. ஒரு நாற்காலி, ஒரு கட்டில், ஜெகதாவின் போட்டோவுக்கு முன்னால் காய்ந்த பூ. தரை முழுக்கத் தண்ணீர். குளியலறைக்குள் அவர் ஒருக்களித்துக் கிடந்தார். முதுகு தண்ணீர் போகிற வாயை அடைத்துக்கொண்டிருந்தது. வழுக்கும்போது பிடித்த குழாய்த் திருகு பிடுங்கிக்கொண்டு கையோடு வந்திருந்தது, அதை இன்னும் விடவில்லை. இன்னொரு கையின் பக்கத்தில் அலுமினியச் சொம்பு, விளிம்பு நசுங்கி. கன்னம் தரையில் இருந்தது, குழாய் இறங்குகிற அந்த ஓட்டைக்கு ஒரு சாண் தள்ளி. கண் திறந்திருந்தது. அது அவளைப் பார்த்து மெதுவாகச் சிமிட்டியது. "மாமா" என்றாள் மரகதம். பதினோரு வருஷமாக அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "மரகதமா" என்றார் அவர். உதடு நீலம் பாரித்திருந்தது, பல் தந்தியடித்தது. "எழுந்திருக்க முடியல. இடுப்பு போயிடுச்சு. கூப்பிடக் குரல் எழும்பல." அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளின் அடியில் கையைக் கொடுத்தாள். மனுஷர் ஒரு கூடைப் பருத்தி கனம்கூட இல்லை. தூக்கி, சுவரில் சாய்க்கப் பார்த்தாள், அவர் வலியில் முனகினார், பாதியில் நிறுத்தித் தன் மார்பில் தாங்கிக்கொண்டாள். "தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல மாமா" என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள். "பாத்திரமெல்லாம் வச்சிருந்தேன், அந்தச் சத்தத்துல ஒண்ணுமே காதுல விழல." அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் தலை அவள் தோளில் இருந்ததால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, சொல்லுக்குச் சொல் நிறுத்திச் சொன்னார். "பயப்படாத மரகதம். நாளைக்கு அவங்க வந்து தட்டு மாத்திட்டுப் போற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது." அவர் அக்குளின் அடியில் இருந்தது அவள் சூடம் அணைத்த கை. அதை எடுத்தால் அவர் விழுந்துவிடுவார், அதனால் எடுக்கவும் முடியவில்லை.